காணாத வலையின் பரப்பு



மட்டக்களப்பிலிருந்து கரையோரப் பாதையாகத் திருகோணமலையை நோக்கிச் செல்வோர் வாகரையை அடையுமுன் பனிச்சங்கேணியைக் கடந்து செல்வர். ஒரு புறம் வங்கக் கடல். மறு புறம் உவர்நீர்க் களப்பு. ஊரின் பெயரே பனிச்சை மரத்தை நினைவூட்டுவது. நைலோன் நூல் வருவதற்கு முன்னர், பனிச்சங்காயின் துவர்ச் சாற்றிலே வலையைத் தோய்த்து உரமேற்றியவர்கள் நம் மீனவர்கள். அவ்வலையை வைத்தே இன்று நாம் அணுவிஞ்ஞானத்தின் ஒரு நுண்ணிய கேள்வியை ஆராயப் போகின்றோம்.

இரவு நேரம். களப்பிலே ஒருவர் வீச்சுவலை வீசுகிறார். வலையை நீங்கள் காணவில்லை. அது எவ்வளவு அகலமாக விரிந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவ்விடத்திலே சதுர மீற்றருக்கு மூன்று இறால் வீதம் உண்டு என்பதை அறிவீர்கள். வலையில் முப்பது இறால் அகப்பட்டன. அப்படியானால் வலை விரிந்த பரப்புப் பத்துச் சதுர மீற்றர் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம் அன்றோ? கண்ணாற் காணாத வலையின் பரப்பை, அகப்பட்டவற்றின் தொகையைக் கொண்டே அறிந்துவிட்டோம்.

அணுவின் கருவையும் விஞ்ஞானிகள் இவ்வாறே அளக்கின்றனர். அங்கே இறாலின் இடத்தில் இருப்பது நியூத்திரன் என்னும் மின்னேற்றமற்ற துணிக்கை. இதனை 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்தார். வலையின் இடத்தில் இருப்பது அணுக்கரு. குறித்த எண்ணிக்கையான நியூத்திரன்களைக் குறித்த எண்ணிக்கையான கருக்களின் மீது செலுத்தி, எத்தனை தாக்கங்கள் நிகழ்ந்தன என எண்ணினால், ஒவ்வொரு கருவும் நியூத்திரனுக்கு எவ்வளவு பரப்புள்ள இலக்காகத் தோன்றுகிறது என்பது பெறப்படும். அப்பரப்பே குறுக்குவெட்டு எனப்படும். அதனை அளக்கும் அலகு பார்ன். ஒரு சதுர சென்ரிமீற்றரை, ஒன்றின் பின் இருபத்துநான்கு சுழியமிட்ட எண்ணால் வகுத்தால் வரும் பரப்பே ஒரு பார்ன். ஆங்கிலத்தில் அச்சொல் தானியக் களஞ்சியத்தைக் குறிப்பது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் இருவர், கருவின் கணக்கில் இப்பரப்புக் களஞ்சியத்தைப் போற் பெரியது என்று வேடிக்கையாக இட்ட பெயர் இது, அதுவே நிலைத்துவிட்டது.

வலை உவமை இவ்விடத்திலே ஓர் எல்லையை அடைகிறது. வலைக்கு ஒரே பரப்புத்தான் உண்டு. கருவின் குறுக்குவெட்டோ வந்து சேரும் நியூத்திரனின் வேகத்துக்கேற்ப மாறுவது. இதற்கு நல்ல உதாரணம் போரன் என்னும் மூலகம். கரம்பலகையிலே ஆடுவோர் தூவும் போரிக்கு அமிலத் தூளை நீங்கள் அறிவீர்கள். அதில் உள்ளதே போரன். இயற்கைப் போரனிலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போரன் பத்து என்னும் சமதானி. எஞ்சியது போரன் பதினொன்று. போரன் பத்தின் கருவில் ஐந்து புரோத்தன்களும் ஐந்து நியூத்திரன்களும் உள்ளன. யுரேனியத்தின் கருவோடு ஒப்பிட்டால் இது மிக இலேசான கரு. இக்கருவை ஒரு சிறு உருண்டையாக எண்ணி அதன் பரப்பைக் கணித்தால் ஒரு பார்னின் கால்வாசிக்கும் சற்றுக் குறைவாகவே வரும். ஆயினும் செக்கனுக்கு 2,200 மீற்றர் வேகத்தில், அஃதாவது சாதாரண வெப்பநிலைக்குரிய மந்த வேகத்தில் வரும் நியூத்திரனுக்கு அதே கரு ஏறத்தாழ 3,840 பார்ன் பரப்புள்ள இலக்காகின்றது. உருவத்தின் பரப்பைக் காட்டிலும் பதினேழாயிரம் மடங்களவு பெரிது!

இந்த வியப்புக்குக் காரணம் நியூத்திரன் துணிக்கையாக மட்டுமன்றி அலையாகவும் நடந்துகொள்வதே. வேகம் குறையக் குறைய அதன் அலை நீளமாகின்றது. ஆகவே, போரன் பத்து நியூத்திரனை விழுங்கும் குறுக்குவெட்டு வேகத்துக்கு நேர்மாறாக அமைகிறது. வேகம் இரட்டித்தால் குறுக்குவெட்டுப் பாதியாகும். விழுங்கப்பட்ட நியூத்திரன் கருவை உடைக்கிறது. ஓர் அல்பாத் துணிக்கையும் ஓர் இலிதியம் ஏழு கருவும் எதிரெதிராகப் பாய்கின்றன. இதற்குமேல் அந்த நியூத்திரன் இல்லை.

இதனால் நமக்கென்ன என்று நேயர்கள் வினவலாம்.

பனிச்சங்கேணியிலிருந்து கடலுக்கு மேலாக வடக்கே ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீற்றர் சென்றால் தமிழ்நாட்டுக் கரையிலே கல்பாக்கத்தை அடையலாம். அங்கே அணுமின் நிலையமும், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் நமது கிழக்குக் கரையை எவ்வாறு அழித்தது என்பதை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதே நாளில் அதே கடல் கல்பாக்கத்தையும் தாக்கியது. அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பியகத்தில் நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை உடனே நிறுத்தப்பட்டுப் பாதுகாப்பாக இருத்தப்பட்டது. ஓர் உலையை நிறுத்துதல் என்பது நியூத்திரன்களின் கணக்கை முடித்தலே. ஒரு பிளவில் வெளிவரும் நியூத்திரன்கள் அடுத்த பிளவை உண்டாக்குமுன் அவற்றை விழுங்கவோ விலக்கவோ வேண்டும். அக்கணக்கு எழுதப்படும் ஏட்டின் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு குறுக்குவெட்டாகும்.

கல்பாக்கத்திலே 1985 ஒற்றோபர் 18இல் முதன்முதலாகச் சங்கிலித் தாக்கத்தை எய்திய விரைவு ஈனுலை ஒன்று உண்டு. விரைவு உலையிலே நியூத்திரன்களை மந்தப்படுத்துவதில்லை. அவற்றின் சத்தி இலட்சக்கணக்கான இலத்திரன் உவோற்று. ஓர் இலட்சம் இலத்திரன் உவோற்றில் வரும் நியூத்திரனுக்குப் போரன் பத்தின் பரப்பு ஏறத்தாழ இரண்டு பார்ன் மட்டுமே. மந்த நியூத்திரனுக்கு இருந்ததில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! மந்த நியூத்திரன்களாயின், ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள போரன் காபைட்டுத் தகடு ஆயிரத்தில் ஒன்றைத்தானும் கடக்கவிடாது. விரைந்த நியூத்திரன்களை அத்தகைய தகடு தடுக்கமாட்டாது. ஆகவேதான் அவ்வுலையின் கட்டுப்பாட்டுக் கோல்களில், போரன் பத்தைச் செறிவூட்டிய போரன் காபைட்டைப் பயன்படுத்துகின்றனர். செறிவூட்டல் செலவு மிக்க வேலை. எவ்வளவு செறிவு போதும் என்பதை நிச்சயிப்பது குறுக்குவெட்டு. அதனை உள்ளதைவிடக் கூட்டி மதித்தால், நாம் நம்பியிருக்கும் கோல் வேண்டிய வேளையில் நம்பியதிலும் வலுக் குறைந்ததாக இருக்கும். குறைத்து மதித்தால் பொருள் வீண் விரயமாகும்.

இனி நமது முதன்மையான கேள்விக்கு வருவோம். இவ்வெண்ணை யார் சொல்வது? ஆய்வுகூடத்தில் ஒருவர் ஒரு முறை அளந்து கூறிவிட்டால் போதாதா?

போதாது. அளவீடு என்பது சாட்சியம். மதிப்பீடு என்பது தீர்ப்பு. ஒரே கருவை, ஒரே சத்தியில், வெவ்வேறு நாட்டவர் வெவ்வேறு ஆண்டுகளில் அளந்திருப்பர். ஒருவர் விடை இரண்டு. மற்றவர் விடை இரண்டே கால். ஒவ்வொருவரும் தம் வழு நூற்றுக்கு மூன்று என்பர். இரண்டு கூற்றும் ஒருங்கே மெய்யாக இருத்தல் அரிது. இச்சாட்சியங்களை எல்லாம் கூட்டி, ஆராய்ந்து, இதுவே இன்று நாம் அறிந்த நல்ல பெறுமானம், இதன் வழு இவ்வளவு என்று கூறுவதே மதிப்பீட்டாளரின் பணி.

அப்பணியின் முதற்படி திரட்டுதல். உலகெங்கும் அளக்கப்பட்ட பெறுமானங்களைத் திரட்டி வைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்றை, வியன்னாவிலுள்ள சர்வதேச அணுச்சக்தி முகவர் நிலையம் பல நாட்டுத் தரவு நிலையங்களோடு சேர்ந்து பேணிவருகிறது. அதன் பெயர் எக்ஸ்போர். எண்களோடு, எத்தகைய கருவி, எவ்வளவு மாதிரி, எதனோடு ஒப்பிட்டு அளந்தனர் என்ற விவரங்களும் அங்கே பதியப்படுகின்றன.

இரண்டாம் படி ஒவ்வோர் அளவீட்டையும் விசாரித்தல். நியூத்திரனின் வேகத்தை அறியப் பெரிதும் கையாளப்படும் முறை பறப்பு நேரத்தை அளப்பது. ஒரு துடிப்பாக நியூத்திரன்களை விடுவித்து, தெரிந்த தூரத்தைக் கடக்க அவை எடுக்கும் நேரத்தை அளப்பர். பத்து இலட்சம் இலத்திரன் உவோற்றுள்ள நியூத்திரன் இருபது மீற்றரைக் கடக்க ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒன்றரைப் பங்கே எடுக்கும். அந்த நேரத்திலே சிறு பிழை நேர்ந்தாலும் சத்தி இடம் மாறிவிடும். மாதிரியில் ஈரம் ஏறியிருந்தால் நீரிலுள்ள ஐதரசன் நியூத்திரன்களைச் சிதறடிக்கும். சுவரிற்பட்டுத் திரும்பி வரும் நியூத்திரன்களும் எண்ணிக்கையிற் சேரும். இவற்றுக்கெல்லாம் திருத்தம் செய்யப்பட்டதா என ஆராய்தல் வேண்டும்.

அளவுகோலையும் விசாரித்தல் வேண்டும். மட்டக்களப்பு வயல்களின் களவெட்டிகளில் நெல்லை மரைக்காலால் அளந்த காலத்தை முதியோர் நினைவுகூர்வர். மரைக்கால் சிறிதாயின் அக்களத்தில் அளந்த நெல்லெல்லாம் கணக்கில் மிகுந்து தோன்றும். நியூத்திரன் அளவீட்டிலும் அவ்வாறே. வந்த நியூத்திரன்கள் எத்தனை என்பதை நேரே எண்ணுதல் கடினம். ஆதலால், நன்கு தெரிந்த ஒரு தாக்கத்தோடு ஒப்பிட்டே பெரும்பாலும் அளக்கின்றனர். அத்தகைய மரைக்கால்களுக்கு நியமங்கள் என்று பெயர். அவற்றுட் பல இலேசான கருக்களே: ஐதரசன், ஈலியம் மூன்று, இலிதியம் ஆறு, போரன் பத்து, காபன். ஆகவே போரன் பத்தின் குறுக்குவெட்டுத் தவறினால் போரனின் கணக்கு மட்டும் தவறுவதில்லை. அதனோடு ஒப்பிட்டு அளந்த பிற கருக்களின் கணக்கும் சேர்ந்தே தவறும். பழைய அளவீடுகளை, அக்கால நியமத்திலிருந்து இக்கால நியமத்துக்கு மாற்றிய பின்னரே தராசில் இடுவர்.

மூன்றாம் படி கொள்கையின் துணை. பாரமான கருக்களிலே சத்திப்படிகள் நெருக்கமாக அமைந்திருப்பதால், உயர்ந்த சத்திகளில் அவற்றைச் சராசரியாகக் கருதிக் கணக்கிடலாம். இலேசான கருவிலோ படிகள் சில. அவை ஒன்றுக்கொன்று தொலைவிலும் உள்ளன. ஒவ்வொரு படியும் தனித் தனியே தன் முத்திரையைப் பதிக்கும். இலிதியம் ஆறை எடுத்துக்கொள்வோம். மந்த நியூத்திரனுக்கு அதன் குறுக்குவெட்டு ஏறத்தாழ 940 பார்ன். சத்தி ஏற ஏற அது குறைந்துகொண்டே செல்லும். ஆனால் ஏறத்தாழ 2,40,000 இலத்திரன் உவோற்றில் திடீரென மேடாக எழுந்து மூன்று பார்னளவை எட்டி மீண்டும் தாழ்கிறது. ஊஞ்சலை அதன் அசைவுக்கு இசைந்த தருணத்தில் தள்ளினால் உயர்ந்து ஆடுவதைப் போன்றது இது. பரிவு என்பது இதன் பெயர்.

இத்தகைய பரிவுகளை ஒழுங்குபடுத்தும் கணிதமுறையை 1947ஆம் ஆண்டில் விக்னரும் ஐசன்பட்டும் வகுத்தனர். ஆர் தாயக் கொள்கை என்று அதனைக் கூறுவர். அதன் சிறப்பு யாதெனில், ஒரே கூட்டுக்கரு உண்டாகும் தாக்கங்கள் அனைத்தையும் அது ஒரே நூலிற் கோத்துவிடுகிறது. போரன் பத்தோடு நியூத்திரன் சேர்ந்தாலும், இலிதியம் ஏழோடு அல்பாத் துணிக்கை சேர்ந்தாலும் உருவாவது போரன் பதினொன்றே. ஆகவே ஒரு வாயிலில் அளந்த அளவு மற்ற வாயிலில் அளந்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சிதறியவை, விழுங்கப்பட்டவை ஆகியவற்றின் கூட்டுத்தொகை மொத்தக் குறுக்குவெட்டுக்குச் சமனாகவும் வேண்டும். தனியாக நின்று பொய் சொல்லத் துணியும் எண், சுற்றத்தார் நடுவே நிற்கும்போது அகப்பட்டுக்கொள்ளும்.

நான்காம் படி, பல சாட்சியங்களை ஒன்றாக்கும் கணக்கு. இதிலே ஒரு பொறி மறைந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் பீல் என்பவர் இதனை ஒரு புதிராகவே முன்வைத்தார். அதனை நமது களப்புக்குக் கொண்டுவந்து கூறுகிறேன்.

இருவர் ஒரே இடத்தில் களப்பின் ஆழத்தை ஒரே கோலால் அளக்கின்றனர். ஒருவருக்கு 1.5 மீற்றர், மற்றவருக்கு 1.0 மீற்றர். ஒவ்வொருவரது கைப்பிழையும் நூற்றுக்குப் பத்து. கோலின் குறிகள் பிழைபட்டிருக்கக்கூடும். அப்பொதுப்பிழை நூற்றுக்கு இருபது. உண்மையான ஆழம் என்ன? ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் ஏதோ ஒன்று என்றே எவரும் கூறுவர். ஆனால் வழக்கமான இழிவு வர்க்கக் கணக்கு 0.88 மீற்றர் என்று விடை தருகிறது! இருவர் அளந்ததிலும் குறைவான ஆழம்!

கணக்கில் கூட்டல் கழித்தற் பிழை இல்லை. பிழை நாம் கணக்குக்குக் கூறிய செய்தியில் உள்ளது. கோலின் பிழை நூற்றுக்கு இருபது என்பதை, 1.5க்கு 0.30 என்றும் 1.0க்கு 0.20 என்றும் தனித் தனியே எழுதிக் கொடுத்தோம். ஆதலால், ஒரே கோற்பிழை பெரிய அளவைக் கூடுதலாகவும் சிறிய அளவைக் குறைவாகவும் உயர்த்தியிருக்கிறது, இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு அதுவே பெருங்காரணம் என்று கணக்கு முடிவுசெய்து, இரண்டையும் கீழே இழுத்துவிட்டது. உண்மையிலோ ஆழம் ஒன்று, கோலும் ஒன்று. கோலின் பிழை இருவரையும் ஒரே அளவிற்றான் பாதிக்கும். நூற்றுவீதங்களை அளந்தவர் கூறிய எண்ணின் மீது கொள்ளாது, பொதுவாக மதித்த ஒரே ஆழத்தின் மீது கொண்டால் விடை 1.25 மீற்றர். இதுவே நேர்மையான விடை.

வேடிக்கைபோலத் தோன்றும் இப்புதிர் உண்மையான மதிப்பீடுகளிலும் புகுந்து, குறுக்குவெட்டுகளைத் தாழ்வாகக் காட்டக்கூடியது. இலேசான கருக்களின் நியமங்களை மதிப்பிட்டவர்கள் இதனைத் தனியே கவனித்து நீக்க வேண்டியிருந்தது. இயந்திரம் விடை தந்துவிட்டது என்பதற்காக அதனை ஏற்றுக்கொள்ளலாகாது என்ற பாடத்தை இது நமக்குக் கற்பிக்கின்றது.

இறுதிப் படி பரீட்சை. மதிப்பிட்ட எண்கள் தரவு நூலகங்களில் அடுக்கப்படுகின்றன. அமெரிக்கா, ஐரோப்பா, யப்பான், சீனா, ருசியா ஆகியவை தத்தம் நூலகங்களை வைத்துள்ளன. எண்பது எழுத்துக்கு மேற்படாத வரிகளாக எழுதும் வழக்கம் பெரிதும் கையாளப்படுகிறது. துளையிட்ட அட்டைகளில் எண்களைப் பதிந்த காலத்தின் எச்சம் அது. பின்னர், உண்மையான உலைகளிலும் பரிசோதனை அமைப்புகளிலும் நிகழ்ந்ததை இவ்வெண்களைக் கொண்டு முன்கூட்டியே கூற முடிகிறதா எனப் பார்ப்பர். முடியாவிடின் எங்கோ ஒரு சாட்சி தவறியிருக்கிறது. மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும்.

இவ்வளவு ஆராய்ந்த பின்னரும் மதிப்பீட்டாளர் தம் அறிவின் எல்லையை மறப்பதில்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச நியம மதிப்பீட்டில், எவரும் அடையாளங்காணாத வழுக்களுக்கென்றே ஒரு பகுதி வழுவைச் சேர்த்தனர். பல ஆய்வுகூடங்களின் பெறுமானங்கள், அவை தாமே கூறிய வழுக்களைக் காட்டிலும் அதிகமாக ஒன்றிலிருந்து மற்றொன்று விலகி நின்றமையே காரணம். நூற்றுக்கு ஒன்று என்று பெருமையோடு கூறுவதிலும், நூற்றுக்கு ஒன்றரை என்று அடக்கத்தோடு கூறுவது உலையைக் கட்டுவோனுக்கு உதவியானது. அந்த அரைப்பங்கிலேதான் அவன் விட்டுவைக்கவேண்டிய பாதுகாப்பு இடைவெளி தங்கியுள்ளது.

உலை மட்டுமன்று. 1986இல் செர்னோபில் உலை வெடித்தபோது எரியும் உலையின் மீது வானூர்திகளிலிருந்து போரன் காபைட்டைக் கொட்டினர். நோய் தீர்க்கவும் போரன் உதவுகிறது. புற்றுநோய்க் கலங்களிலே போரன் பத்துச் சேருமாறு மருந்து செலுத்தி நியூத்திரன்களைப் பாய்ச்சினால், அங்கே பிறக்கும் அல்பாத் துணிக்கை ஏறத்தாழ ஒரு கலத்தின் அளவு தூரமே சென்று ஓய்கிறது. நோயுற்ற கலம் அழிய, அயலிலுள்ள கலம் பெரும்பாலும் தப்புகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இம்முறையை 2020இல் யப்பான் அங்கீகரித்தது. அந்நோயாளிக்கு எவ்வளவு நேரம் நியூத்திரன் பாய்ச்சுவது என்ற கணக்கிலும் இருப்பது, நாம் பேசிய அதே 3,840 பார்ன்தான்.

இலங்கை 1957ஆம் ஆண்டிலிருந்தே சர்வதேச அணுச்சக்தி முகவர் நிலையத்தின் உறுப்பு நாடு. நான் கூறிய களஞ்சியம் எவருக்கும் திறந்தே இருக்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவரும் அதனைத் திறந்து, போரன் பத்தைப் பற்றிய சாட்சியங்களைத் தாமே படித்து, தீர்ப்புச் சரியா என வினவலாம். பெரிய ஆய்வுகூடம் இல்லாத நாட்டவர்க்கும், கூர்ந்த மதியும் பொறுமையும் இருந்தால், இத்துறையில் இடமுண்டு.

களப்பிலே வலை வீசும் மீனவர், ஒரு வீச்சை மட்டும் கொண்டு அன்றைய களப்பைத் தீர்மானிப்பதில்லை. பல இடங்களில் வீசுகிறார், நீரோட்டத்தைப் பார்க்கிறார், வலையிலே பொத்தல் உண்டா எனத் தடவிப் பார்க்கிறார், நேற்று அயலார் கூறியதையும் நினைத்துப் பார்க்கிறார். அதன் பின்னரே இன்று இறால் உண்டு அல்லது இல்லை என்கிறார். காணாத கருவின் பரப்பைக் கூறும் விஞ்ஞானியும் இதனையே செய்கிறார். அவர் கூறும் எண்ணை நம்பிக் கடற்கரையோரங்களிலே மக்கள் உறங்குகிறார்கள். ஆகவே அவர் தம் வலையைப் பலமுறை தடவிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.